மாதிரி இல்லாமல் வரையும்போது ஒளி எங்கிருந்து வருகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் டிஜிட்டல் ஓவியம் பயிலும் மாணவர்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். புகைப்படத்தைத் திரையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, அதன் நிறங்களை ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்துத் தம் படத்தில் பூசும் பழக்கத்தை மாணவர்கள் விட வேண்டும், மாதிரி எதுவும் இல்லாமல் மனத்திலிருந்தே வரைந்து பழக வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக ஓவியம் கற்பித்து வருபவன் என்ற முறையில் அந்த அறிவுரையை வரவேற்கிறேன். ஆயினும் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. மாதிரியை அகற்றிய இடத்தில் எதை வைப்பது என்று சொல்லாமல் விட்டால், மாணவர் தம் கைப்பேசியில் பார்த்துத் தள்ளிய எண்ணற்ற படங்களின் மங்கிய நினைவையே மாதிரியாக வைத்துக்கொள்வார். அதைத் தம் கற்பனை என்றும் நம்பிவிடுவார்.

இதை மெய்ப்பிப்பது எளிது. "நம் ஊர்த் தெருவில் நண்பகல்" என்ற தலைப்பைக் கொடுத்து, எதையும் பார்க்காமல் வரையச் சொன்னால், வகுப்பில் பெரும்பாலோர் படத்தில் வெயில் சாய்வாக விழும். வீடுகளின் நிழல் தெருவின் குறுக்கே நீண்டு கிடக்கும். அது நம் ஊர் வெயில் அன்று. லண்டனில் டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாளின் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 15 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. அதே நாளில் சென்னையில் அது 53 பாகை உயரத்தில் நிற்கும். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நம் மாநிலத்தின் ஏறக்குறைய ஒவ்வோர் ஊரிலும் ஒரு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது செங்குத்தாக நட்ட கம்பத்துக்கு நிழலே இராது. அந்த வெயிலில் உச்சந்தலையும் தோளும் மூக்கின் மேற்புறமும் வெளுத்துக் கிடக்க, கண்குழிகள் இருண்டு போகும். தெரு முழுவதும் வெளிச்சமாக இருக்க, தாழ்வாரத்தின் கீழ் மட்டும் ஒரு குறுகிய நிழல் பட்டை ஓடும். மாணவர் இதை நாள்தோறும் காண்கிறார். ஆனால் கையில் ஸ்டைலஸ் என்னும் திரைப் பேனாவைப் பிடித்ததும் வட நாடுகளில் இருந்து வந்த பயிற்சிக் காணொளிகளின் வெயிலே வந்து நிற்கிறது. மாலை வேளைக்கும் இதே கதைதான். உயர்ந்த அட்சரேகைகளில் சூரியன் சாய்ந்து சாய்ந்து இறங்குவதால் பொன்னிற வெளிச்சம் நெடுநேரம் நீடிக்கும். இங்கே அது ஏறக்குறைய நேராக விழுந்து மறைகிறது, மறைந்த பின் இருபது நிமிடங்களைச் சற்றுக் கடந்ததும் நன்றாக இருட்டிவிடுகிறது.

ஆகவே மாதிரி இல்லாத பயிற்சி என்பது நினைவில் கிடக்கும் படங்களைக் கிளறுவதாக இருக்கக் கூடாது. ஒளி ஏன் அப்படி விழுகிறது என்ற காரணத்திலிருந்து படத்தைக் கட்டி எழுப்புவதாக இருக்க வேண்டும். நான் மாணவர்களுக்குப் படத்தைக் காட்டாமல் சொற்களால் மட்டும் ஒளியைக் கொடுப்பதுண்டு: "பிற்பகல் நான்கு மணி, மேற்கு பார்த்த வீடு, வெள்ளையடித்த சுவர், முன்னால் செம்மண் முற்றம், திண்ணையில் ஒரு பித்தளைக் குடம்." இதைக் கேட்டதும் வரையத் தொடங்கக் கூடாது. விளக்கோ வெயிலோ எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, எவ்வளவு தொலைவில் உள்ளது, என்ன நிறம், அதற்கு அடுத்த இரண்டாவது ஒளி எது என்பவற்றை முதலில் எழுதிவிட வேண்டும். இரண்டாவது ஒளி எது என்பதற்குப் பெரும்பாலோரிடம் விடை இருப்பதில்லை. படம் கெடுவதும் அங்கேதான்.

முதல் ஒளியைப் பற்றிச் சில கணக்குகள் தெரிந்திருப்பது நல்லது. கணக்கு என்றதும் ஓவியம் பயில்வோர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் டிஜிட்டல் ஓவியர் தொடும் ஒவ்வொரு நிறமும் அடியில் எண்ணாகத்தான் இருக்கிறது. ஒளிக்கு நேர் எதிரே நிற்கும் தளம் முழு வெளிச்சத்தைப் பெறும் என்றால், அது 60 பாகை திரும்பும்போது பாதியைப் பெறும் என்பதை 1760-இல் கணித அறிஞர் லாம்பெர்ட் எழுதி வைத்தார். இதை ஒரு வெள்ளைக் களிமண் உருண்டைக்குப் பொருத்திப் பார்க்கலாம். வெளிச்சம் நேராகப் படும் புள்ளியிலிருந்து நிழல் தொடங்கும் கோடு வரை 90 பாகை. அதில் மூன்றில் இரண்டு பங்கைக் கடந்த இடத்திலும் பாதி வெளிச்சம் மிஞ்சுகிறது. மேலும், திரையின் எண்கள் வெளிச்சத்தின் அளவோடு நேர் விகிதத்தில் செல்பவை அல்ல. முழு வெண்மை 255 என்றால், பாதி வெளிச்சத்துக்கு உரிய எண் 128 அன்று, 188. ஆக, உருண்டையின் வெளிச்சப் பகுதி அகன்று, பெரிதும் மாறாமல் இருந்து, கடைசிக் கொஞ்ச தூரத்தில் சடாரென்று இருளுக்குள் இறங்குகிறது. மாணவர்களோ மையத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்து, அங்கிருந்து ஓரம் வரை மென்மையான ஏர்பிரஷ்ஷால் சீராக இருட்டிக்கொண்டே போகிறார்கள். கன்னமும் கை முட்டியும் மண்பானையும் ஒரே மாதிரிப் பளபளப்பது இதனால்தான்.

விளக்கு வெளிச்சத்துக்கும் இதே எண் குழப்பம் உண்டு. தொலைவு இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகும், மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும் என்பதைப் பள்ளி இயற்பியலில் படித்திருக்கிறோம். குத்துவிளக்கிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கும் வெள்ளைத் துணிக்கு 255 கொடுத்தால், இரண்டு மீட்டரில் இருக்கும் அதே துணிக்கு 64 கொடுக்கத் தோன்றும். சரியான எண் 137-ஐ ஒட்டியது. மூன்று மீட்டரில் 94-ஐ ஒட்டியது. இவற்றை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விளக்கின் அருகே வெளிச்சம் வேகமாகக் குறைகிறது, தொலைவில் மெதுவாகக் குறைகிறது என்ற போக்கு கைக்கு வந்தால் போதும். சன்னலுக்கு வெளியே தொலைவில் உள்ள சூரியனுக்கு இந்தக் குறைவே கிடையாது என்பதும் சேர்ந்து புரிந்துவிட்டால், இரவுக் கூடத்தையும் பகல் தெருவையும் ஒரே முறையில் இருட்டும் வழக்கம் நின்றுவிடும்.

அடுத்தது, நிறத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய வெளிர்–அடர் அளவு. ஓவியம் பயில்வோர் இதை 'வேல்யூ' என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். அமெரிக்க ஓவிய ஆசிரியரான ஆல்பர்ட் மன்செல் 1905-இல் வெளியிட்ட முறையில் முழுக் கருமை 0, முழு வெண்மை 10. மாதிரி இல்லாமல் வரைபவர் இந்தப் பதினொன்றையும் கையாள முனையக் கூடாது. நான்கு அல்லது ஐந்து படிகள் போதும். அவற்றிலும், வெளிச்சத்தில் உள்ள பகுதியின் மிக அடர்ந்த படிகூட நிழலில் உள்ள பகுதியின் மிக வெளிர்ந்த படியைவிட வெளிராக இருக்க வேண்டும் என்ற ஒரே கட்டுப்பாட்டை விதித்துக்கொண்டால், உள்ளங்கை அளவுள்ள சாம்பல் நிறப் படத்திலேயே ஒளி எரியத் தொடங்கிவிடும். கறுப்புக் குடையும் வெள்ளை வேட்டியும் ஒரே படத்தில் வந்தால் இந்தக் கட்டுப்பாட்டை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது உண்மை. அது இரண்டாம் ஆண்டுப் பாடம்.

இங்கேதான் மென்பொருள்கள் மாணவர்களை ஏமாற்றுகின்றன. பெரும்பாலான ஓவியச் செயலிகளில் நிறம் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் நிற வகை, செறிவு, பிரகாசம் என்ற மூன்று அளவுகள் இருக்கும். அதில் முழுச் செறிவுள்ள மஞ்சளும் முழுச் செறிவுள்ள நீலமும் பிரகாசம் 100 என்றே காட்டும். ஆனால் திரை வெளியிடும் வெள்ளையின் ஒளிர்வை 100 என்று கொண்டால் அந்த மஞ்சள் 93-ஐ எட்டுகிறது, அந்த நீலம் 7-ஐத் தாண்டுவது அரிது. மஞ்சள் பட்டுப் புடைவைக்கு நீலக் கரை போட்டு வரைந்த மாணவி, இரண்டுக்கும் ஒரே பிரகாச எண்ணைக் கொடுத்துவிட்டு, புடைவை ஏன் இரண்டு துண்டாக வெட்டியது போல் தெரிகிறது என்று கேட்பாள். அவளுடைய கண் சரியாகவே பார்க்கிறது. எண்தான் வேறொன்றை அளக்கிறது. சரி, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிச் சோதிப்போம் என்றால், அதிலும் ஒரு பள்ளம் உண்டு. ஃபோட்டோஷாப்பில் நிறத்தை நீக்கும் 'டீசாச்சுரேட்' என்ற கட்டளை அந்த மஞ்சளையும் நீலத்தையும் ஒரே சாம்பலாக மாற்றிவிடும். மேலே ஒரு புதிய லேயரை (அடுக்கை) கறுப்பால் நிரப்பி, அதன் கலப்பு முறையை 'கலர்' என்று வைத்தால் கிடைக்கும் சாம்பல்தான் கண்ணுக்கு ஏற்றது. இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்ற ஓவியச் செயலியில் டீசாச்சுரேட் செய்யும்போதே 'லைட்னஸ்', 'லூமினாசிட்டி' என்று தனித்தனித் தேர்வுகள் உள்ளன. பின்னதையே எடுக்க வேண்டும். இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்: இரவில் கைப்பேசியில் வரைபவர்கள், கண்ணுக்கு இதம் தருவதாகச் சொல்லித் திரையை மஞ்சளாக்கும் வசதியை அணைத்துவிட்டு வரைய வேண்டும். மறுநாள் காலையில் படம் நீலம் பாரித்துக் கிடப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நிறத்துக்கு வருவோம். வெயிலில் உள்ள பொருளின் நிழல் பகுதிக்கு, வெளிச்சப் பகுதியின் நிறத்தையே எடுத்துக் கறுப்பைக் கலந்துவிடுவது எங்கும் காணப்படும் குறுக்கு வழி. மாம்பழ மஞ்சளில் அப்படிச் செய்தால் நிழல் பாசி படிந்தது போலப் பச்சையாகிவிடும். அதைச் சற்று ஆரஞ்சுப் பக்கம் தள்ளினால்தான் பழம் பழமாக இருக்கும். அதற்கும் மேலாக, திறந்த வெளியில் நிழல் என்பது ஒளி இல்லாத இடம் அன்று. சூரியனின் ஒளி மட்டும் எட்டாத இடம். அங்கே வானம் ஒளி தருகிறது, தரை ஒளி தருகிறது. மேல் நோக்கிய தளங்கள் வானத்தின் நீலத்தை வாங்கிக்கொள்ளும். கீழ் நோக்கிய தளங்கள் தரையின் நிறத்தை வாங்கிக்கொள்ளும். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் நிற்கும் வெள்ளைச் சட்டைக்காரரின் தோள்பட்டை நிழல் நீலம் பூத்திருக்க, அவருடைய முகவாயின் அடிப்புறமும் சட்டைக் கையின் உட்புறமும் சிவந்திருக்கும். அதே மனிதர் நெல்வயல் வரப்பில் நின்றால் அந்தச் சிவப்பு மெல்லிய பச்சையாகும். நான் மேலே சொன்ன திண்ணைக் குடத்துக்கு இரண்டாவது ஒளி எது என்ற கேள்வியின் விடை இதுவே. வெயில் பட்ட செம்மண் முற்றம்தான் திண்ணைக் கூரையின் அடிப்பகுதிக்கு விளக்கு.

எவ்வளவு நீலம், எவ்வளவு சிவப்பு என்பதில் மாணவர்கள் அளவு மீறுவது இயல்பு. பாரிஸ் நகரின் கோப்லேன் நெசவுச் சாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரல், கறுப்புச் சாயம் சரியில்லை என்று நெசவாளர்கள் குறை கூறியபோது, சாயத்தில் குறையில்லை, அருகில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவும் கறுப்பின் தோற்றத்தை மாற்றுகின்றன என்று கண்டறிந்தார். 1839-இல் அதைப் பெரிய நூலாகவே வெளியிட்டார். வெயிலின் இளஞ்சூடான நிறத்துக்கு அருகில் வெறும் சாம்பலை வைத்தாலே அது நீலமாகத் தெரியும். ஆகவே நிழலுக்கு முதலில் சாம்பலை வைத்துப் பார்த்து, போதவில்லை என்றால் மட்டும் நீலத்தைக் கூட்டுவது நல்ல வழக்கம்.

நிழலின் விளிம்பைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனெனில் நினைவிலிருந்து வரையும்போது முதலில் பொய்யாவது அதுவே. சூரியன் ஒரு புள்ளி அன்று. நம் கண்ணுக்கு அது ஏறக்குறைய அரைப் பாகை அகலமுள்ள வட்டம். அதனால் நிழல் விளிம்பின் மங்கல், நிழலைத் தரும் பொருளுக்கும் தரைக்கும் உள்ள தொலைவில் நூற்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். தென்னையின் அடிமரத்து நிழல் தரையோடு ஒட்டிய இடத்தில் கத்தியால் வெட்டியது போல இருக்கும். பத்து மீட்டர் உயரத்து மட்டையின் நிழலில் விளிம்பு பத்து சென்டிமீட்டர் அளவுக்குக் கரைந்திருக்கும். கீற்றுகளின் நிழல் தனித்தனியாகத் தெரியாமல் கலங்கிக் கிடப்பதன் காரணம் இது. வேப்பமரத்தடியை வரையும் மாணவர்கள் தரையில் இலை வடிவத்தில் வெளிச்சத் துண்டுகளை இறைப்பார்கள். உண்மையில் இலைகளுக்கு இடையிலுள்ள சிறு துளைகளின் வழியே விழுபவை சூரியனின் பிம்பங்கள். அவை வட்டமாகவோ நீள்வட்டமாகவோதான் இருக்கும். 2019 டிசம்பர் 26 அன்று தமிழகத்தில் தெரிந்த கங்கண சூரிய கிரகணத்தின்போது மரத்தடி வட்டங்கள் எல்லாம் பிறைகளாக மாறியதைப் பார்த்தவர்கள் இதை மறக்க மாட்டார்கள்.

மாதிரி இல்லாமல் வரைவது நமக்குப் புதிதன்று என்பதையும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம். விஷ்ணுதர்மோத்தரம் என்ற பழைய வடமொழி நூலில் ஓவியத்தைப் பற்றிய பகுதியான சித்திரசூத்திரம் வர்த்தனை என்ற பெயரில் மூவகை நிழற்பூச்சைச் சொல்கிறது. அஜந்தாவின் முகங்களில் அதைப் பார்க்கலாம். ஆனால் அந்த நிழல் உருவத்தின் திரட்சியைக் காட்டுவது. எங்கோ இருக்கும் விளக்கைக் காட்டுவது அன்று. தரையில் விழும் நிழல் அந்த மரபுக்குத் தேவைப்படவில்லை. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்து, பின்னர் கோவில்பட்டியில் இருந்தபடி காலண்டர் ஓவியங்களால் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்த சி. கொண்டையராஜு (1898–1976), மேல்நாட்டு ஒளி–நிழலைக் கற்றவர்தான். ஆனாலும் அவர் வழியில் வந்த காலண்டர் தெய்வங்களின் முகத்தில் எந்தத் திசையிலிருந்தும் நிழல் விழுவதில்லை. முருகனின் முகத்தில் பாதியை இருட்டாக்குவது பக்தனுக்குச் சம்மதமாக இராது என்பது அவர்களுக்குத் தெரியும். அது அறியாமை அன்று, தெரிந்து எடுத்த முடிவு. இன்றைய மாணவரின் படத்திலோ முகத்தில் காலண்டர் வெளிச்சம், தோளின் ஓரத்தில் திரைப்படச் சுவரொட்டியின் நீல ஒளி, பின்னணியில் அஸ்தமனம் என்று மூன்று உலகங்கள் முடிவு எதுவும் இன்றிக் கூடிவிடுகின்றன. எனக்கு அதைக் கற்பனை என்று அழைக்க மனம் வரவில்லை.

நினைவைப் பயிற்றுவிப்பதற்கு நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. பகலில் கற்ற உருவங்களை இரவில் படுக்கையில் இருட்டில் மனத்துக்குள் மீண்டும் வரைந்து பார்க்கும்படி லியோனார்டோ டா வின்சி தம் குறிப்புகளில் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் கற்பித்த லெகோக் த புவாபோத்ரான், நினைவிலிருந்து வரைவதையே ஒரு முறையான பாடமாக அமைத்தார். லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அனுப்பி, ஓர் ஓவியத்தை உற்றுப் பார்த்து மனத்தில் பதிய வைத்துவிட்டு வந்து வகுப்பறையில் வரையச் சொன்னார். சிற்பி ரோதான் அவரிடம் பயின்றவர். தேம்ஸ் ஆற்றின் இரவுக் காட்சிகளை 1870-களில் தீட்டிய ஓவியர் விஸ்லர், கரையில் நின்று பார்த்துவிட்டு, ஆற்றுக்கு முதுகைக் காட்டியபடி கண்டதை உடன் வந்தவரிடம் ஒப்பிப்பார் என்றும், விட்டுப் போனவற்றை அவர் எடுத்துச் சொன்னால் மீண்டும் திரும்பிப் பார்ப்பார் என்றும் அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்த முறைகளைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று கட்டங்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும்: கையில் எதுவும் இல்லாமல் பார்ப்பது, பார்க்காமல் வரைவது, வரைந்த பிறகு திரும்பிச் சென்று ஒப்பிடுவது. நம் மாணவர்களுக்கு நடுக் கட்டம் மட்டுமே சொல்லப்படுகிறது. மூன்றாவது கட்டம் இல்லாவிட்டால் அதே தவறு நூறு படங்களில் உறுதிப்படும் என்பதே என் அச்சம். படம் முடிந்த பிறகு ஒரு முட்டையையும் மேசை விளக்கையும் வைத்து அதே ஒளியை அமைத்துப் பார்ப்பதற்கோ, அடுத்த நாள் நான்கு மணிக்குத் திண்ணைக்குச் சென்று நிற்பதற்கோ செலவு ஒன்றும் இல்லை. வரையும்போது மாதிரி கூடாது என்பதும், வரைந்த பின் மாதிரி கட்டாயம் வேண்டும் என்பதும் ஒரே பயிற்சியின் இரு பாதிகள்.

தங்கள் நாளிதழ் சிறுவர் பகுதியில் ஓவியங்களை வெளியிட்டு வருவதால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டிஜிட்டல் ஓவியங்களைக் கேட்டு அறிவிக்கும்போது, தலைப்புடன் ஒளியையும் சொற்களால் கொடுத்துவிடுங்கள்: நேரம், திசை, தரையின் நிறம், சுவரின் நிறம், விளக்கு இருந்தால் அது எங்கே என்பது. முடித்த படத்துடன், நிறம் பூசுவதற்கு முன் நான்கைந்து வேல்யூக்களில் போட்ட சிறிய சாம்பல் படத்தையும் சேர்த்து அனுப்பும்படி கேளுங்கள். வெளியிடும்போது இரண்டையும் அருகருகே அச்சிடுங்கள். தபால்தலை அளவு இடம் போதும். படம் எங்கே சரியாகத் தொடங்கி எங்கே வழி மாறியது என்பதை மற்ற மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியர்களும் அதைப் பார்த்தே கண்டுகொள்ள முடியும். தேர்வு செய்பவர்களுக்கும், புகைப்படத்தின் மேல் பூசிய படம் எது, யோசித்து வரைந்த படம் எது என்று பிரித்தறிய அது உதவும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓர் ஓவிய ஆசிரியர்,
விருதுநகர் மாவட்டம்.